லடாக்கிலிருந்து வந்த பாட்டில்

ஆஸ்டின் லடாக்கிலிருந்து கொண்டுவந்த ஜூஸ் பாட்டில் நாலு வீட்டுக்குப் போனது. தனக்கோடி வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

பெருங்களத்தூரில் அந்த அபார்ட்மென்ட்டில் இருப்பதே ஆறு வீடு. அதில் ஒன்று ஆஸ்டினுடையது. லடாக்கில் மூணு வருஷம் ஏர்ஃபோர்ஸில் மெடிக்கல் அசிஸ்டென்ட்டாக இருந்துவிட்டு, சுனாமிக்கு அடுத்த வருஷம் தாம்பரத்துக்கு மாற்றலாகி வந்திருந்தான். மீதி ஐந்தில் விட்டுப்போனது இவள் வீடு. யாருக்குத்தான் வயிறு எரியாது?

எதிர்வீட்டு ஹஃபீசா வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள்.

“சீ பக்தார்ன்னு பேராம்க்கா. அங்க மழையே கிடையாதாம், ஒரே குளிராம். முள்ளுச் செடியில மணி மணியா ஆரஞ்சுப் பழம். பனி கொட்டுறப்பகூட உதிராதாம். நெல்லிக்காயையே தூக்கிச் சாப்பிடுற சத்தாம். அதோட எண்ணெயத் தீப்புண்ணுக்குக்கூடத் தடவுவாங்களாம்.”

அன்று மதியம் கண்ணசந்த தனக்கோடிக்கு ஒரு கனவு. திருநீர்மலை முழுக்க வெள்ளையாகப் பனி. படிக்கட்டின் இரண்டு பக்கமும் ஆரஞ்சுப் பழம். புருஷன் பொன்னுசாமி ஒவ்வொன்றாகப் பறித்து வாயில் போட்டுக்கொண்டே ஏறுகிறார். மூச்சே வாங்கவில்லை. இவள்தான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, “நில்லுங்க, நானும் வரேன்” என்று பின்னால் போகிறாள்.

விழித்ததும் கண் ஈரமாக இருந்தது. ஏகாதசி தவறாமல் ஒரே மூச்சில் மலை ஏறியவர், ஆறு மாசமாக அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். கேட்டால் வாயுத் தொல்லை என்பார். அவளுக்கு உள்ளுக்குள் பயம்.

வெட்கத்தை விட்டு ஆஸ்டின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“தம்பி, அண்ணனுக்கு அந்த ஜூஸ் ஒரு பாட்டில் கெடைக்குமா?”

“தீர்ந்துபோச்சுக்கா.”

அவன் முதுகுக்குப் பின்னால் ஃப்ரிட்ஜ் மேல் இரண்டு பாட்டில். சாயங்கால வெயில் பட்டு விளக்கு ஏற்றி வைத்ததுபோல் இருந்தன.

“நல்லா இருப்பா, மகராசனா இரு” என்றுவிட்டு வந்தாள்.

ஹஃபீசாவுக்கு மனசு கேட்கவில்லை. தன் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள். தனக்கோடி அதை அபிஷேகத் தீர்த்தம்போல் இரண்டு கையாலும் ஏந்தி வந்து புருஷனிடம் நீட்டினாள்.

“குடிங்க. வர்ற ஏகாதசிக்கு நாம மலை ஏறுறோம்.”

பொன்னுசாமி டம்ளரையும் பார்த்தார், அவள் முகத்தையும் பார்த்தார்.

“புளிக்கும்போல இருக்கே. கொஞ்சம் சர்க்கரை எடுத்துட்டு வா.”

சர்க்கரையோடு வந்தபோது டம்ளர் காலி. அவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“அப்படியே குடிச்சிட்டேன். தெம்பாதான் இருக்கு.”

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் காலையில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்த ஆஸ்டினைப் பார்த்ததும் சும்மா போக முடியவில்லை.

“உன் பாட்டில் இல்லாட்டி என்னப்பா? எங்க வீட்டுக்காரர் நேத்தே ஒரு டம்ளர் குடிச்சாச்சு.”

அவன் கையிலிருந்த துணி நழுவியது.

“ஒரு டம்ளரா?”

செருப்புகூடப் போடாமல் மாடி ஏறி ஓடினான். பின்னாலேயே இவளும்.

“அண்ணா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறீங்க. கூடவே இதையும் குடிச்சா ரத்தக்கசிவு வந்தாலும் வரும்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே. ஹார்ட் விஷயம் அக்காவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா, சொல்லாதேன்னு நீங்க கெஞ்சினீங்க. அதனாலதானே கஞ்சன்னு பேர் வாங்கிக்கிட்டு வாய மூடிட்டு இருந்தேன்?”

“ஹார்ட்டா?” என்றாள் தனக்கோடி.

பொன்னுசாமி அவள் பக்கம் திரும்பாமல் பால்கனியைக் கைகாட்டினார். அங்கே கறிவேப்பிலைத் தொட்டியில் மண் ஆரஞ்சு நிறமாக ஊறிக் கிடந்தது.

“குடிக்கலப்பா. குடிக்கக் கூடாதுன்னு சொன்னே, சரி. அவ அவ்ளோ ஆசையா கொண்டாந்து நீட்டினா, வேணாம்னு எப்படிச் சொல்றதுன்னு நீ சொல்லித் தரலையே.”