முதல் சீசன் கவுன்

"நாலு மணிக்குச் சர்ச்சுல இருக்கணும்ண்ணா. பாஸ்டர் வந்துட்டாரு, பூ வந்துடுச்சு. கவுன் மட்டும்தான் பாக்கி" என்றாள் எலிசபெத்.

பூபாலன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றரை. பாலாநகரில் இருந்த அந்தக் குடோன் முழுக்க 'ஸ்டைல் சவால்' என்ற டிவி தையல் போட்டிக்காகத் தைத்த உடைகள்தான். பன்னிரண்டு வருஷமாக அவற்றுக்கெல்லாம் அவர்தான் காவல்.

"ஜெஸ்ஸியோட வெள்ளைக் கவுனா?"

"ஹவ்ண்ணா. அவளுக்குத்தான்."

பூபாலனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அப்பாடா, அந்தப் பெண்ணுக்கும் ஒரு நல்ல நாள் வந்துவிட்டது. எலிசபெத்தின் கண்கள் வீங்கிச் சிவந்திருந்தன. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற அன்றைக்கு எந்தத் தாய்தான் அழவில்லை?

முதல் சீசனின் கடைசிச் சுற்றை ஊரே உட்கார்ந்து பார்த்தது. மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வந்த ஜெஸ்ஸிக்கு அப்போது பத்தொன்பது வயது. அவள் தைத்த வெள்ளைக் கவுனை நடுவர் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இதை எவ போட்டுக்குவா?" என்று கேட்டார்.

"நானே போட்டுக்குவேன் சார், என் கல்யாணத்துக்கு" என்றாள் அவள். ஹால் முழுக்கச் சிரித்தது.

நிகழ்ச்சி பிழைத்ததே அந்தச் சிரிப்பில்தான். வருஷா வருஷம் புது சீசன் தொடங்கும்போதெல்லாம் வெட்கமில்லாமல் அந்தக் காட்சியையே போட்டுக் காட்டினார்கள். அவள் தோற்றதோடு விட்டார்களா? சேனல் கொடுத்த துணியில் தைத்தது சேனலுக்கே சொந்தம் என்று சட்டம் பேசி, கவுனையும் வைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு அதை அவள் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி உள்ளே மாட்டியவர் பூபாலன்தான். பிறகு அவள் மூன்று தடவை வந்து கேட்டாள். மூன்று தடவையும் வாசலோடு திருப்பி அனுப்பியவரும் அவர்தான். அது அவருக்கு இன்றைக்கும் உறுத்திக்கொண்டிருந்தது.

"நாளைக்கு ஷூட்டிங் இருக்கும்மா" என்று இழுத்தார். "நிகழ்ச்சியோட வரலாறுன்னு ஸ்பெஷல் எடுக்கறாங்க. முதல்ல காட்டப்போறதே இந்தக் கவுனைத்தான். எடுத்துக் குடுத்தேன்னா என் வேலை போயிடும்."

"அவ கேட்டது இது ஒண்ணுதாண்ணா. வேற எதுவும் கேக்கல."

"சரி, முதல்ல உட்கார்ந்து தண்ணி குடிங்க."

"நக்கோண்ணா, வேணாம். தொண்டைல இறங்காது."

"இன்னைக்குப் போய் இப்படி அழலாமா? எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா?"

எலிசபெத் நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பூபாலனின் போன் அடித்தது. தெலுங்குக்காரத் தயாரிப்பாளர் சந்தீப்.

"பூபாலன் காரு, அந்த ஒயிட் கவுனை அயர்ன் பண்ணி வெச்சாச்சா? மறந்துடாதீங்க. நம்ம காமெடி பீஸே அதுதான்."

பூபாலன் போனை வைத்தார். பன்னிரண்டு வருஷம் ஒரு பெண்ணைப் பார்த்துச் சிரித்தது போதாதா இவர்களுக்கு? வேலை போனால் போகட்டும் என்று ஏணியில் ஏறி, உறையைப் பிரித்துக் கவுனை இறக்கினார். பூச்சி அரிக்காமல், மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது.

"இத்தனை வருஷம் ஆச்சே, அளவு சரியா இருக்குமா? குண்டாயிட்டாளா?"

"இல்லண்ணா, ரொம்ப இளைச்சுட்டா. முதுகுப் பக்கம் கழுத்துலேருந்து கீழ வரைக்கும் வெட்டிக் குடுத்துடுங்க. போட்டுவிட லேசா இருக்கும்."

பூபாலனுக்குச் சிரிப்பு வந்தது. அளவு சேராத மாடல்களுக்கு முதுகைக் கிழித்துக் கிளிப் மாட்டி அனுப்புவது டிவிக்காரர்களின் வழக்கம். கேமராவுக்கு முன்பக்கம் போதும். டிபன் கேரியரும் கையுமாக மகளுக்காகச் செட்டில் காத்துக் கிடந்த நாட்களில் எலிசபெத் அதைப் பார்த்திருப்பாள்.

"இளைச்சிருந்தா பிடிச்சுத்தான் தைக்கணும்மா. எதுக்கு வெட்டணும்?"

"வெட்டிடுங்கண்ணா. நேரமாவுது."

மனசே இல்லாமல் கத்தரியை எடுத்தார். அந்தப் பெண் ராத்திரி பகலாக உட்கார்ந்து தைத்த தையல். கழுத்தில் தொடங்கி அடி ஓரம் வரை ஒரே நேராக வெட்டினார். எலிசபெத் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதுகு இரண்டாகத் திறந்து கிடந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. பூபாலன் ஊசியில் நூலைக் கோத்தார்.

"பத்து நிமிஷம் பொறுங்கம்மா. ரெண்டு ஓரத்தையும் மடிச்சு ஹூக் வெச்சுத் தர்றேன். அத்தனை ஜனம் பார்க்க நடந்து போற பொண்ணு, முதுகு தெரிஞ்சா நல்லாவா இருக்கும்? இந்தத் தடவை அவளைப் பார்த்து ஒருத்தனும் சிரிக்கக் கூடாது."

எலிசபெத் கவுனை மெல்ல அவர் கையிலிருந்து வாங்கி, குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"நக்கோண்ணா. பெட்டிக்குள்ள படுத்துத்தானே இருக்கப்போறா."