ஆறு ஃப்ரிட்ஜ் நாடகம்

பூனை என்று பட்டப்பெயர் வாங்கியிருந்தவனுக்கு நடிப்பில் ஆசையெல்லாம் கிடையாது. பூட்டு உடைப்பதுதான் தொழில். ஆனாலும், தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த டைரக்டர் அம்மா தெருமுனைப் பழைய மரக்கிடங்கில் நாற்பது நாற்காலி போட்டுச் சிரிப்பு நாடகம் நடத்தப் போகிறார் என்று கேள்விப்பட்டதும், முதல் ஆளாகப் போய் நின்று கதாநாயகன் வேஷத்தை வாங்கிவிட்டான்.

"மொத்தத் தெருவும் உள்ள உக்காந்து என்னைப் பாத்துக்கிட்டு இருக்கும். நீ வேனைக் கொட்டகைக்குப் பின்னாடி நிறுத்திட்டு வீடு வீடாப் போயிட்டு வா," என்றான் மச்சினனிடம்.

"நடுவுல யாராவது எழுந்து வீட்டுக்கு வந்துட்டா, மாமா?"

"வரமாட்டாங்க மாப்ளே. சிரிக்க வச்சே உக்கார வைக்கிறேன்."

சொல்லிவிட்டானே தவிர, அவனுக்கே நம்பிக்கை இல்லை. போன தடவையும் சொதப்பல், அதற்கு முந்தின தடவையும் சொதப்பல். இதுவும் போனால் வேறு கூட்டாளி பார்த்துக்கொள்வதாக மச்சினன் சொல்லியிருந்தான். பூனையின் மனைவியும் தன் தம்பி பக்கம்தான்.

நாடகத்தன்று சாயங்காலம் பூனை முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு உள்ளறையில் வசனத்தை உருப்போட்டுக்கொண்டிருந்தான். வெளியே எதையோ இழுக்கிற சத்தம், தூக்குகிற சத்தம். திரை விலகியதும் மேடையைப் பார்த்தான்.

ஃப்ரிட்ஜ் மட்டுமே ஆறு. சோபா மேல் சோபா. திரும்பின பக்கமெல்லாம் டிவி.

பணக்கார வீட்டுக் காட்சிக்குச் சாமான் வேண்டும் என்று டைரக்டர் அம்மா மதியம் ஒரே ஒரு வீட்டில்தான் கேட்டாராம். எதிர்வீட்டு டிவி மேடை ஏறும்போது எங்கள் ஃப்ரிட்ஜ் மட்டும் என்ன பாவம் பண்ணியது என்று அடுத்த வீடு கிளம்பியது. அப்புறம் கேட்கவா வேண்டும். தெருப் பெண்களின் நகையெல்லாம், பணக்காரியாக நடித்த டைரக்டர் அம்மாவின் கழுத்தில் தொங்கியது.

மச்சினனுக்கு எப்படித் தகவல் சொல்வது? தவித்துப்போன பூனை ஒரு ஃப்ரிட்ஜில் முட்டிக்கொண்டான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. வசனம் மறந்து திருதிருவென்று விழித்தான். இன்னும் சிரித்தது. ஒரு கூட்டம் தன்னைத் துரத்தாமல் உட்கார்ந்து ரசிப்பது அவனுக்கு இதுதான் முதல் தடவை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

கொட்டகையின் பின்கதவு நேராக மேடையில்தான் திறக்கும். கடைசிக் காட்சியில் அதைத் தள்ளிக்கொண்டு காலிச் சாக்கோடு மச்சினன் வந்து நின்றான்.

"மாமா, ஒரு வீட்லயும் ஒரு மண்ணும் இல்ல. வெறும் சுவருதான் இருக்கு. நமக்கு முன்னாடியே எவனோ..." என்றவன், ஃப்ரிட்ஜுகளைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

முன்வரிசைக்காரர் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழுந்தார். கைதட்டலோடு திரையும் விழுந்தது.

"பின்னாடி நிக்கிற வேன் யாரோடது?" என்றார் டைரக்டர் அம்மா.

"எங்களோடதுதாங்கம்மா," என்றான் மச்சினன், வாய் தவறி.

"நல்லதாப் போச்சு. எல்லாரும் ஒரு கை குடுங்க. சாமானை ஏத்திட்டா வீடு வீடா இறக்கிடலாம்."

தெருவே சேர்ந்து ஏற்றியது. பூனைக்குத் தலைகால் புரியவில்லை. பறிகொடுக்கிறவர்களே சுமந்து வந்து ஏற்றிவிடுகிற திருட்டை அவன் பரம்பரையிலேயே யாரும் பார்த்ததில்லை.

"ஓடிப்போய் வண்டியை எடு மாப்ளே," என்று கிசுகிசுத்தான்.

எங்கே ஓடுவது? கூட்டம் இருவரையும் மொய்த்துக்கொண்டது. "அந்தச் சாக்குத் திருடன் வேஷம் பிரமாதம் தம்பி, அப்படியே நிஜத் திருடன் மாதிரி," என்று ஒருவர் மச்சினனைக் கட்டிக்கொண்டார், விடவில்லை.

வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. சட்டென்று தப்பிக்க வசதியாக இருக்கட்டும் என்று மச்சினன் சாவியை வண்டியிலேயே விட்டிருந்தான். கழுத்து நிறைய நகையோடு டைரக்டர் அம்மா ஓட்டிக்கொண்டிருந்தார். தெருவே அவருக்குக் கையசைத்தது.

வேன் வீடுகள் இருந்த பக்கம் திரும்பவில்லை. மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பி வேகமெடுத்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் முன்வரிசைக்காரருக்கு உறைத்தது. "பிடிங்க, பிடிங்க," என்று கத்தினார்.

அந்த வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம், பழக்க தோஷத்தில் பூனையும் மச்சினனும் எதிர்ப்பக்கமாகத் தலைதெறிக்க ஓட, மொத்தத் தெருவும் வேனை விட்டுவிட்டு அவர்களைத் துரத்தியது.