உள்ளே காலி

"முடியாது சார்."

சூப்பர்வைசர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். லிஃப்ட் பழுது பார்க்கும் அந்த அலுவலகத்தில் அவரிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. அதுவும் கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் எடுக்க நேற்று வந்த பெண்!

"என்னம்மா இது? ரிப்போர்ட்ல ஒவ்வொரு ஆள் வரிக்குள்ளயும் ஒரு குட்டி டேபிளைச் சொருகி வெச்சிருக்கே?"

"அவங்கவங்க இந்த மாசம் பார்த்த லிஃப்ட் எல்லாம் அதுக்குள்ள இருக்கு சார்."

"வெளியே பிரிச்சுப் போடு. ஒரு லிஃப்டுக்கு ஒரு வரி."

"பிரிச்சா, உள்ளே காலியா இருக்கறவங்க பேரே வராது."

"வராட்டி போகட்டும். பேர் இல்லாதவங்களுக்கு அடுத்த மாசத்திலேர்ந்து வேலை கிடையாது. தலைமை ஆபீஸ் உத்தரவு."

அது தெரிந்துதான் அவள் மல்லுக்கு நின்றாள். லிஃப்ட் குழியில் விழுந்து கால் முறிந்து படுத்திருக்கும் மெக்கானிக்கின் வரிக்குள் இருந்த டேபிள் காலி.

"ஓஹோ, அந்த நொண்டிக்கு வக்காலத்தா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கால் உடைஞ்சா ஆளே இல்லைன்னு ஆயிடுமா? என் கையால பிரிக்க மாட்டேன். வேணும்னா என்னை அனுப்பிடுங்க."

"எழுந்திரு!"

அவரே உட்கார்ந்து ரிப்போர்ட்டை வரவழைக்கும் கொயரிக் கட்டளையில் ஒரு சொல்லை மாற்றித் தட்டினார். வந்ததைப் படித்துக்கூடப் பார்க்காமல் அனுப்பினார். "இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்!"

டீ வருவதற்குள் தலைமை ஆபீஸ் மேனேஜர் போன் செய்தார். எல்லோரும் கேட்கட்டும் என்று சூப்பர்வைசர் ஸ்பீக்கரில் போட்டார்.

"உங்க கிளையில ரெண்டு பேரைக் காணோமே. ஒருத்தர் கால் உடைஞ்ச மெக்கானிக். இன்னொருத்தர் நீங்க! சூப்பர்வைசரும் நேர்ல போய் லிஃப்ட் பார்க்கணும்கறது விதியாச்சே. ஒண்ணைக்கூடப் பார்க்கலையா?"

சூப்பர்வைசர் ஸ்பீக்கரை அணைக்கும் பொத்தானைத் தேடினார்.

அவள் போன் பக்கம் குனிந்தாள். "அது தப்பான ரிப்போர்ட் சார். சரியானதை இப்பவே அனுப்பறேன்."

போன் வைக்கப்பட்டதும் பக்கத்து மேஜை அக்கா அவள் காதைக் கடித்தாள். "மெக்கானிக்கை மட்டும் சேர்த்து அனுப்புடி. இந்த ஆளு தொலையட்டும்."

"மாட்டேன்க்கா." அவள் குரலைத் தணிக்கவில்லை. "எல்லார் முன்னாலயும் சொல்லி அசிங்கப்படுத்த வேணாமேன்னுதான் வாயை மூடிக்கிட்டிருந்தேன். காலையிலேர்ந்து இவர் பேருக்கும் சேர்த்துத்தான் சண்டை போட்டேன்."