ஓகேன்னா வேண்டாம்

"சுவிட்சைக் கதவோரமாவே வெச்சுடட்டுமா சார்?" என்று கேட்டான் எலக்ட்ரீஷியன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர், "ஓகே" என்றார்.

டிரில்லை எடுத்ததுமே சமையலறையிலிருந்து அவர் மனைவி ஓடி வந்தாள். "அங்கே வேண்டாங்கறார் தம்பி. கட்டிலுக்கு இடது பக்கம் வைங்க."

'மனுஷன் இப்பத்தானே சரின்னார்! பாவம், வாயில்லாப்பூச்சி போல' என்று நினைத்தபடி அவன் இடம் மாறினான்.

"வெள்ளை லைட் போடவா சார்?"

"ஓகே."

"மஞ்சள்தான் வேணுமாம்" என்றாள் அவள்.

"ஓகே!" என்று அவர் குரலை உயர்த்தினார்.

"சரி சரி, கோவிச்சுக்காதீங்க. வெள்ளையே போடட்டும்."

அவனுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, சாரைக் கொஞ்சம் பேசத்தான் விடுங்களேன்!"

அவள் சிரித்துவிட்டாள். "அதுக்குத்தான் தம்பி தவமாத் தவம் கிடந்தேன். பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயிடுச்சு. ஆறு மாசமா ஒரு சத்தம் இல்ல. போன வாரம்தான் இந்த ஒரு வார்த்தை திரும்பி வந்துச்சு. ஆமாம், வேண்டாம், பசிக்குது, சும்மா இரு, எல்லாமே இப்ப அதுதான். நேத்து சண்டைகூடப் போட்டோம்னா பாருங்களேன்!" சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்தது.

வேலை முடிந்ததும் அவர் இடது கையை நீட்டிப் புது சுவிட்சைத் தட்டினார். அறை பளிச்சென்றது. அதே கையால் எலக்ட்ரீஷியனின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓகே" என்றார், மெதுவாக.

இந்த முறை அவள் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஓகே சார்" என்றான் எலக்ட்ரீஷியன். அவனுக்கும் வேறு வார்த்தை வரவில்லை.