மாதிரிப் படம்

மலிவான பிலிம் ஸ்கேனர் தேடி வந்த தணிகைவேலுக்கு, கடைக்காரர் சாலமன் ஒரு நெகட்டிவைச் செருகிக் காட்டினார். அவர் ஸ்டுடியோ வைத்திருந்த காலத்தில் யாரோ வாங்காமல் விட்டுப்போனது. மாலை போட்டு நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டிய ஒரு பிணம் திரையில் தெரிந்தது. சாலமன் வடையை மென்றபடியே முகத்தைப் பெரிதாக்கினார்.

"பாருங்க சார், மூக்குல வச்ச பஞ்சு இழை இழையா தெரியுது. இந்த விலைக்கு எவன் தருவான்?"

தணிகைவேல் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். "வேற படமே இல்லையா உங்ககிட்ட?"

"கல்யாணப் படத்தையெல்லாம் வாங்கிட்டுப் போயிடுறாங்க சார். இதைத்தான் யாரும் கேட்டு வர்றதில்ல. சரி, உங்க பிலிமைக் குடுங்க, போட்டுப் பாத்துரலாம்."

அவன் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டான். உயிரோடு இருந்தவரை அம்மாவை யாரும் படம் எடுத்ததில்லை. பையிலிருந்த ஒரே படத்திலும் அவள் நாற்காலியில்தான் இருந்தாள்.

"பஞ்சு தெரியாத மாதிரி மிஷின் ஏதாவது இருக்கா?" என்றான்.