மூன்று சுறா பார்த்த வாட்ச்

“இந்த வாட்ச் யார் குடுத்தது?”

“சுவிட்சர்லாந்துக்காரர் ஒருத்தர். மெரினாவுல அலை இழுத்துட்டுப் போச்சு அவரை. நான்தான் குதிச்சேன். கரைக்கு வந்ததும் தன் கையிலேர்ந்து கழட்டி என் கையில மாட்டிட்டார்.”

“உங்களுக்கு நீச்சல் தெரியுமா?”

“அன்னிக்குத் தெரிஞ்சுது மேடம்.”

இந்தப் பேச்சு நடந்து இரண்டு வருடம் ஆகிறது. இன்று மாலை, கடை சாத்த அரை மணி இருக்கும்போது, காரணமே இல்லாமல் அவளுக்கு நினைவு வந்தது.

காரணம் இல்லாமல் என்ன. திங்கட்கிழமை முதல் அவனுக்குக் கொச்சிக் கிளையில் வேலை.

நுங்கம்பாக்கத்தில், பழைய வெளிநாட்டுக் கைக்கடிகாரங்களை வாங்கி விற்கும் கடை அது. விற்பது அவன். வந்தது அசலா, போலியா என்று பார்த்துச் சொல்வது அவள்.

பத்து விநாடி போதும் அவளுக்கு. சாவியில் ஓடும் அசலில் விநாடி முள் வழுக்கிக்கொண்டு போகும். பேட்டரியில் ஓடும் போலியில் விநாடிக்கொரு தரம் குதிக்கும். மீதியை லென்ஸ் சொல்லிவிடும்.

ஆனால் அந்தக் கடையில் ‘போலி’ என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது. முதலாளி உத்தரவு. மாமனார் போட்டது என்று சொல்லி ஒருவர் கழற்றித் தருவார். அவர் மனம் நோகலாமா?

அதற்காக ஒரு நீல வெல்வெட் தட்டு. அசல் என்றால் வலப்பக்கம் வைப்பாள். போலி என்றால் இடப்பக்கம் வைத்து, “இதை விக்காதீங்க சார், வீட்டுலயே பத்திரமா இருக்கட்டும்” என்பாள்.

வந்தவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பிப் போவார். இன்று காலையில்கூட ஒருவர் அப்படிப் போனார். அவன்தான் கதவைத் திறந்துவிட்டு, “கேட்டீங்கல்ல சார், வீட்டுலயே இருக்கணுமாம்” என்று வழியனுப்பினான்.

அவன் வாட்ச்சின் முள்ளும் குதிக்கும்.

சுவிட்சர்லாந்துக்காரர் கரை சேருமுன்பே அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

சொல்லவில்லை. கதை நன்றாக இருந்தது. கெடுப்பானேன்.

கதை வளர்ந்தது. பொங்கலுக்குள் அந்த மனிதர் தூதர் ஆனார். ஆடித் தள்ளுபடி சமயத்தில் ஒரு சுறா வந்தது. தீபாவளி முடிந்து கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், டீ ஆறும்வரை, அவன் மூன்று சுறாக்களை ஒற்றைக் கையால் சமாளித்தான்.

“போன தடவை ஒண்ணுதானே சொன்னீங்க?”

“மீதி ரெண்டும் அப்ப பின்னாடி வந்துட்டிருந்துது மேடம்.”

மற்றவர்கள் “ஆரம்பிச்சுட்டான்பா” என்று எழுந்து போய்விடுவார்கள். அவள் மட்டும் தலையாட்டிக்கொண்டு கடைசி வரை கேட்பாள்.

கொச்சியில் யார் தலையாட்டுவார்கள்?

திங்கட்கிழமை டீ வேளையில் இவள்தான் என்ன செய்வாள்?

லென்ஸைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள்.

அவன் வந்து எதிரில் நின்றான். வாட்ச்சைக் கழற்றினான். நீலத் தட்டில், சரியாக நடுவில் வைத்தான்.

“ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க மேடம்.”

“விக்கப் போறீங்களா?”

“இல்ல. திறந்து பாக்கணும்.”

இடப்பக்கம் வைத்தால் அவன் கதை முடிந்தது. வலப்பக்கம் வைத்தால் அவள் தொழில் முடிந்தது.

முள் குதித்துக்கொண்டிருந்தது.

மெல்ல, இடப்பக்கம் நகர்த்தினாள்.

“இதை விக்காதீங்க...” என்று தொடங்கினாள். ‘சார்’ வரைக்கும் குரல் வரவில்லை.

அவன் சிரித்துவிட்டான்.

“தெரியும் மேடம். பீச் ஸ்டேஷன் வாசல்ல வாங்கினது. கடல் பக்கம்ங்கறது மட்டும் நிஜம்.”

“பின்ன எதுக்கு இத்தனை புளுகு?”

“இப்படிப் புளுகினா, ‘கழட்டுங்க, திறந்து பாத்துடறேன்’னு ஒரு நாள் சொல்வீங்கன்னு பாத்தேன். நீங்க தலையை ஆட்டிக்கிட்டே இருந்தீங்க. மூணு சுறா வரைக்கும் போயிட்டேன். இனிமே திமிங்கலம்தான் பாக்கி.”

அவள் சின்னக் கத்தியை எடுத்து, பின்மூடியை நெம்பினாள்.

உள்ளே, பேட்டரிக்கு மேல், எட்டாக மடித்த ஒரு துண்டுத் தாள். ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது.

ஐம்பது மீட்டர் ஆழத்திலும் தண்ணீர் புகாது என்று மூடியில் பொறித்திருந்தார்கள். சென்னை வேர்வையே புகுந்திருந்தது.

இடுக்கியால் பிரித்தாள். லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டாள்.

மசி கரைந்து தாள் முழுக்க ஒரே நீலம். மேல் ஓரத்தில் ஒரு சொல் மட்டும் தப்பிக் கரையேறியிருந்தது.

சுகந்தி.

அவள் பெயர்தான். கூடவே ‘மேடம்’ இல்லை.

லென்ஸ் இருந்தது நல்லதாகப் போயிற்று. ஒரு கண்ணையாவது மறைத்தது.

“படிக்க முடியல,” என்றாள். “என்ன எழுதினீங்களோ, வாயாலயே சொல்லுங்க.”

அவன் வாயைத் திறந்தான். மூடினான்.

தூதர் வரவில்லை. அலை வரவில்லை. மூன்று சுறாவில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

“ஞாயித்துக்கிழமை எங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கு வரட்டுமா?”

அவள் அந்த ஈரத் தாளை இடுக்கியால் எடுத்து, தட்டின் வலப்பக்கம் வைத்தாள்.