மீசை வளரும் வரை

வத்சலாவின் பழைய லேப்டாப் அவள் கணவன் கருணாகரனின் முகத்தைப் பார்த்தால்தான் திறக்கும். பாஸ்வேர்டை வைத்தவனும் அவன்தான், மறந்து தொலைத்தவனும் அவன்தான். இருவரும் பிரிந்து ஒரு வருடமாகிறது. ஆனாலும் தினமும் காலையில் வருவான், வாசலில் செருப்பைக் கழற்றுவான், திரைக்கு முன்னால் குனிந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போய்விடுவான்.

"புதுசு வாங்கிடுங்க மேடம், உங்க சேலை டிசைன் எல்லாத்தையும் ஒரு மணி நேரத்துல மாத்தித் தர்றேன்" என்றார் போன வாரம் லேப்டாப் கடைக்காரர். கடை வரைக்கும் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பியவள், "இது ஓடுற வரைக்கும் ஓடட்டும், புதுசு வேணாம்" என்று கருணாகரனிடம் சிடுசிடுத்தாள்.

இன்று வந்து நின்றான். மழமழவென்று மொட்டை. மீசையும் இல்லை.

முகம் பொருந்தவில்லை என்றது திரை.

"மத்தியானத்துக்குள்ள டிசைன் அனுப்பணும், இன்னிக்குன்னு பார்த்து மொட்டை போட்டுட்டு வர்றீங்களே! மீசையையாவது விட்டு வெச்சிருக்கக் கூடாதா?"

"பழனிக்குப் போயிட்டு முருகன்கிட்ட பேரம் பேசச் சொல்றியா?"

"வாயை மூடிட்டுக் குனிங்க. இன்னும் கொஞ்சம். சிரிக்காதீங்க, கர்மம்!"

பொருந்தவில்லை.

"அப்படி என்னதான் வேண்டுதல் உங்களுக்கு?"

சந்தனம் காய்ந்த தலையைத் தடவியபடி அவன் திரையையே பார்த்தான்.

"நீ புதுசு வாங்கிடக் கூடாதுன்னு."

வத்சலா விருட்டென்று நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"மீசை வளர எத்தனை நாளாகும்?"